காற்றுப் பையில் ஓடிய கோடு

துப்பறியும் அர்த்தநாரிக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. கோயமுத்தூர் பஸ்ஸில் கடைசி சீட்டு, அதற்குப் பிறகு காலையிலிருந்து திருப்பூரில் ஏழு பனியன் கம்பெனிகளின் மாடிப்படி. இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் பிடித்தது. வலது பக்கம் சாய்ந்தால் இரண்டு பக்கமும் பிடித்தது.

"அண்ணா, ஏழு கம்பெனியில ஏழு டீ குடிச்சாச்சுங்க," என்றான் உதவியாளன் கன்னையன். "காலையில இருந்து என் வயித்துல டீயைத் தவிர வேற பிரயாணி எறங்கல."

"இன்னும் ஒரே ஒரு கம்பெனி."

"இதை அஞ்சாவது கம்பெனியில இருந்து சொல்றீங்க."

அர்த்தநாரியின் சட்டைப் பையில் ஒரு துண்டுத் துணி இருந்தது. உள்ளங்கை அகலம், முழ நீளம், ஆரஞ்சுச் சாயம். வெட்டிய ஓரம் தானாகவே சுருண்டுகொள்ளும். இந்தத் துணியைக் காட்டியபோது ஏழு கம்பெனியிலும் ஒரே நாடகம்தான் நடந்தது. முதலாளி அதை வாங்கிக் கட்டைவிரலால் தேய்ப்பார். "நயம் சரக்குங்க. நம்ம துணியாட்டமே இருக்குது" என்பார். அப்போது அர்த்தநாரி, "இது ஏரோப்ளேன் எறங்கற எடத்துல கம்பத்துல கட்டியிருந்த துணிங்க. அங்க ஒரு விபத்து" என்பார். துணி சுட்ட மாதிரி திரும்பி வரும்.

"நம்ம துணி இல்லீங்க. டீ சாப்பிடறீங்களா?"

வழக்கு இதுதான். உடுமலைப்பேட்டைக்காரரான ஞானசம்பந்தம் விமானி. வாரத்தில் இரண்டு நாள் சங்குமணல் தீவுக்கு டக்கோட்டா விமானம் ஓட்டுபவர். அந்தத் தீவில் ஓடுபாதையின் ஒரு முனையில் கடல், மறுமுனையில் குன்று. நடுவில் உள்ள தரை எந்த விமானிக்கும் போதும் என்று தோன்றாத நீளம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். முதுகில் காற்று அடித்தால் அது தரையில் உட்காராது. கடலிலிருந்து காற்று வீசும் நாளில் குன்றைச் சுற்றிக்கொண்டு, பாறைக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே நுழைந்து, கடலைப் பார்த்து இறங்க வேண்டும். காற்று இல்லாத நாளில் கடல் பக்கமாக நேராக வந்துவிடலாம்.

காற்று உண்டா இல்லையா என்று சொல்ல அங்கே கோபுரம் கிடையாது. ஒரு கம்பம், அதன் உச்சியில் இரண்டு பக்கமும் திறந்த துணிக் குழாய். அதற்குக் காற்றுப் பை என்று பெயர். காற்று பலமாக அடித்தால் பை விறைத்துப் படுக்கையாக நிற்கும். காற்று இல்லாவிட்டால் தொங்கும்.

ஆடி பிறந்து நாலாம் நாள் ஞானசம்பந்தம் இருபத்துநாலு பிரயாணிகளோடு மேலிருந்து பார்த்தார். பை தொங்கியது. தகரக் கொட்டகையிலிருந்த ரேடியோக்காரரைக் கேட்டார். அவரும் ஜன்னல் வழியாக அதே பையைப் பார்த்துவிட்டு, "காற்று இல்லை" என்றார். கடல் பக்கமாக நேரே வந்தார். சக்கரத்துக்கும் தரைக்கும் ஒரு முழம்தான் இருந்தது. விமானம் உட்கார மறுத்தது. பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுவது போல மிதந்துகொண்டே போனது. பாதி ஓடுபாதை போய்விட்டது. ஒருவழியாக உட்கார்ந்ததும் பிரேக்கை மிதித்தார். டயர் வெடித்தது. வேலியைப் பிய்த்துக்கொண்டு தோப்புக்குள் புகுந்த விமானம் ஒரு தென்னையில் மூக்கை வைத்து நின்றது. அங்கிருந்து குன்றுக்குப் பன்னிரண்டு தப்படி.

உயிர் யாருக்கும் போகவில்லை. ஒரு தபால் அதிகாரிக்குக் கால் ஒடிந்தது.

விசாரணைக் கமிட்டியில் மூன்று பேர். "தென்னை மரம் ஆடியது உங்கள் கண்ணில் படவில்லையா?" என்று கேட்டார்கள்.

"பட்டது. ஆனால் விதிப் புத்தகம் பையைப் பார்க்கச் சொல்கிறது. மரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை," என்றார் ஞானசம்பந்தம்.

இதற்குள் தீவில் பழைய பையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்டியான கான்வாஸ் பையைக் கட்டிவிட்டார்கள். கமிட்டி போய்ப் பார்த்தது. பை விறைத்து நின்றது. ஆகவே பை யோக்கியம், விமானி பொய்யர், குன்றைச் சுற்றச் சோம்பல்பட்டுக் குறுக்கு வழியில் வந்தார் என்று முடிவு கட்டினார்கள். கம்பத்தடியில் கிடந்த பழைய பையின் துண்டை ஞானசம்பந்தம் நீட்டினார். சேர்மன் அதை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது உம்முடைய கிழிந்த பனியன்" என்றார்.

திங்கட்கிழமை கடைசி விசாரணை. அதற்குள் இந்தத் துணி அந்தப் பையில் இருந்ததுதான் என்று நிரூபிக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும். விமானம் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. அவர் மனைவி கமலாம்பாள் அர்த்தநாரியிடம் வந்து, "அவரு பொய் சொன்னா மொதல்ல எனக்குத்தானுங்க தெரியும். இது பொய் இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியைக் கொடுத்துப் போனார்.

இன்று வெள்ளிக்கிழமை.

"சேர்மன் நமக்கு உபகாரம் பண்ணியிருக்கறாரு கன்னையா," என்று அன்று காலையிலேயே சொல்லியிருந்தார் அர்த்தநாரி. "பனியன்னாரு. பனியன்னா திருப்பூர்."

"வேட்டின்னு சொல்லியிருந்தா ஈரோட்டுக்குப் போயிருப்பமுங்க. அங்க பிரியாணி கெடைக்கும்."

வேலம்பாளையம் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கொட்டகை. கன்னையன் இரண்டு ஆள் சோற்றைத் தின்றான். கை கழுவிவிட்டு, மேஜையில் கிடந்த துணியை எடுத்து ஈரத்தைத் துடைக்கப் போனான்.

"ஏனுங்க! லைன் விழுந்த துணின்னாலும் அதுல கையத் தொடைக்கலாமுங்களா?"

பக்கத்துப் பெஞ்சில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் கேட்டாள். நாற்பது வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சு. கண்ணின் ஓரம் இரண்டும் சிவந்து கிடந்தன. பெயர் மருதம்மாள். பனியன் கம்பெனியில் கண்ணாடி மேசைக்கு அடியில் பல்பு எரியும். மேலே துணியை இழுத்து இழுத்து ஓட்டையும் கோடும் பார்க்க வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த டேமேஜ் மேசையில்தான் அவளுக்கு வேலை.

"லைனா? என்ன லைனுங்க?" அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இடுப்பு கத்தியது.

மருதம்மாள் துணியை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். "மிசினுல ஊசி ஒண்ணு வளைஞ்சா, துணி நெடுக ஒரு கோடு ஓடுமுங்க. இதுல பாருங்க, ரெண்டு. ஒண்ணு நேராப் போகுது. ஒட்டி இன்னொண்ணு, விட்டு விட்டுப் போகுது. இது எங்க நாச்சிமுத்து மொதலாளி கம்பெனி, மூணாம் நம்பர் மிசினு."

"அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நாலு மாசமாப் பாக்கறனுங்க. என்ற ஊட்டு ஆட்டுக்குட்டி எனக்கு அடையாளம் தெரியாதுங்களா?"

"மேஸ்திரிகிட்டச் சொல்லலையாங்க்கா?" என்றான் கன்னையன்.

"மூணு வாட்டி சொன்னன். ஊசி மாத்தினா அரை நாள் மிசினு நிக்குமாமா. பனியன் சட்டைக்குள்ள போடறது, கோட்டை எவன் பாக்கப்போறான்னாரு."

"அந்தக் கோட்டைப் பாக்கத்தான் இடுப்பொடிஞ்சு வந்திருக்கறாரு இவரு."

அர்த்தநாரி விஷயத்தைச் சொன்னார். மருதம்மாள் சாப்பாட்டை மூடினாள். அவள் கை துணியிலிருந்து விலகியது.

"என்ற பேரு எங்கயும் வரக்கூடாதுங்க. ரெண்டு புள்ளைங்க. அவீங்கப்பன் இல்லை. அந்த மேசைய விட்டா எனக்கு வேற மேசை கெடையாது."

"வராதுங்க," என்றார் அர்த்தநாரி. "நான் சொல்றன்."

நாச்சிமுத்துவின் கம்பெனி ஊர்க்கோடியில் இருந்தது. மற்ற ஏழு கம்பெனிச் செய்தி இன்னும் இந்தத் தெருவுக்கு வந்திருக்கவில்லை. வாசலில் சலவைக்காரர்கள் இரண்டு பேர் பிளீச்சிங் தொட்டிக்குள் முழங்காலளவு நின்று துணியை மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாதம் வெடித்து வெளுத்திருந்தது. உள்ளே முருகன் படத்துக்குக் கீழே நாச்சிமுத்து தம் கம்பெனிப் பனியனோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விளம்பரம் போல உட்கார்ந்திருந்தார்.

"கழிவு நூலைப் போட்டுப் பின்னியிருப்பான்," என்று வாசலில் கன்னையனிடம் முணுமுணுத்திருந்தார் அர்த்தநாரி. "மட்டத் துணி. சர்க்காரை ஏமாத்தியிருக்கறான். பிடிச்சுட்டோம்."

உள்ளே போனதும் குரல் மாறியது. "இன்னொரு தீவுல ஏரோட்ரோம் கட்டறாங்க. காத்துப் பை வேணும். உங்க பேரைச் சொன்னாங்க."

நாச்சிமுத்துவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "வாங்க, வாங்க, உக்காருங்க! பனியன் கம்பெனியில ஏரோப்ளேன் ஆர்டர் எடுத்தவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தானுங்க. இங்க பாருங்க, அவீங்க அனுப்பின படம்."

காகிதத்தில் ஒரு நீளக் குழாய் வரைந்திருந்தது. வாய் அகலம், வால் குறுகல்.

"இதைப் பாத்ததும் சிரிச்சுட்டனுங்க. துணிய வெட்டோணும், மடிக்கோணும், பக்கத்துல தைக்கோணும்னு நாலு பக்கத்துக்கு இங்கிலீசுல எழுதியிருந்தாங்க. நம்ம மிசினுல துணியே குழாயாத்தானுங்களே எறங்குது! வாய்ப்பக்கம் மடிச்சு அடிச்சம். வாலுக்குப் பனியன் கழுத்து ரிப் பட்டி வெச்சம். கச்சிதமா வந்துச்சு."

"நாலு பக்கத்தையும் படிச்சீங்களா?"

"படம் இருக்கறப்ப எதுக்குங்க படிக்கோணும்?"

"துணி தரம் எப்படீங்க?" என்று கொக்கியைப் போட்டார் அர்த்தநாரி.

நாச்சிமுத்து எழுந்தே விட்டார். அலமாரியிலிருந்து ஒரு துணியை உருவினார். கன்னையனின் கன்னத்தை ஒட்டி அதைப் பிடித்து, மறுபக்கம் வாயை வைத்துப் பலமாக ஊதினார்.

"காத்து வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. வெத்தலை வாசனையும் கூடவே வந்துச்சு."

"அதுதான் நயம்! காத்து அந்தப் பக்கம் போகாத பனியன் பனியனே இல்லீங்க. இந்த ஊர்ல சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி எங்க போனாலும் இதுதான் பரிட்சை. மெட்ராசுல இருந்து ஆபீசர் வந்தாரே, அவருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தன். பையோட ஒரு பக்கத்துல வாயை வெச்சு ஊதினாரு. பேஷ்னாரு. முத்திரை குத்தினாரு."

"வேற எதுவும் பரிசோதனை?"

"போட்டுப் பாத்தாருங்க."

"பையையா?"

"பனியனை. அவரு தொண்ணூறு சைசு, மச்சினரு எண்பத்தஞ்சு. ஆளுக்கு ஒரு டஜன் கட்டிக் குடுத்தம். வாங்க மேல, அதே ரோல்ல இன்னொரு பை போட்டு விளம்பரத்துக்கு மாடியில கட்டியிருக்கறன்."

மாடிக்குப் போனார்கள். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் ஆடிக் காற்று ஊரையே பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் துண்டு தோளிலிருந்து கிளம்பிப் பக்கத்துக் கம்பெனி ஓட்டில் போய் இறங்கியது. கன்னையன் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பக்கத்து மாடியில் காயப்போட்ட புடவை ஒன்று படுக்கையாக நின்று படபடத்தது.

மூங்கில் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு பை. இரட்டை ஷிப்டு முடித்து வந்தவன் கை மாதிரி அது தொங்கிக்கொண்டிருந்தது. வால் மட்டும் லேசாக நடுங்கியது.

"பாத்தீங்களா!" நாச்சிமுத்து காற்றை மீறிக் கத்தினார். "எத்தனை காத்து வந்தாலும் உள்ள புகுந்து வெளிய போயிருது! துணிக்கு ஒரு சேதாரம் உண்டுங்களா?"

அர்த்தநாரி வாயைத் திறந்தபடி நின்றார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு இடுப்பு ஞாபகம் வரவில்லை.

"கன்னையா," என்றார் மெதுவாக. "இவன் ஏமாத்தலைடா. கழிவு நூல் இல்லை. ஊர்லயே ஒசந்த துணி இது."

"அப்புறம் என்னங்கண்ணா தப்பு?"

"அதுதான் தப்பு. மட்டத் துணியாக் குடுத்திருந்தா கொஞ்சமாவது காத்தைப் பிடிச்சிருக்கும்."

முதலாளி தம் உயர்ந்த துணியைக் கொடுத்திருந்தார். ஆபீசர் ஊரின் உயர்ந்த பரிட்சையை வைத்திருந்தார். ரேடியோக்காரர் ஜன்னல் வழியாகப் பையைப் பார்த்திருந்தார். விமானி விதிப்படி நடந்திருந்தார். ஒருத்தர்கூடக் கடமை தவறவில்லை. விமானம் தென்னந்தோப்பில் நின்றது.

"நீங்க சொன்னதை லெட்டர்ல எழுதிக் குடுப்பீங்களா? மேலிடத்துல காட்டோணும்," என்றார் அர்த்தநாரி.

"எழுதாம?" நாச்சிமுத்து கீழே இறங்கி, கம்பெனிக் கடுதாசியில் தம் கையாலேயே எழுதினார்: 'சங்குமணல் தீவுக்கு எமது கம்பெனியில் தயாரித்து அனுப்பிய காற்றுப் பையில், எவ்வளவு பலமான காற்றானாலும் ஒரு கணம்கூடத் தங்காது என்று உறுதி கூறுகிறோம்.' தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையை ஊதி ஊதி இரண்டு இடத்தில் குத்தினார். மாதிரிக்கு என்று மாடிப் பையையும் கழற்றிக் கொடுத்தார்.

அர்த்தநாரி பையை மேஜையில் விரித்து, சட்டைப் பையிலிருந்த துண்டை அதன்மேல் வைத்தார். நேர்க்கோட்டுக்கு நேர்க்கோடு பொருந்தியது. ஒட்டி விட்டு விட்டு ஓடிய கோடும் பொருந்தியது. பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட பிறகுதான் உண்மையைச் சொன்னார்.

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏரோப்ளேனு ஒடைஞ்சு போச்சுங்களா?"

"மூக்கு நசுங்குச்சு. ஒருத்தருக்குக் கால் ஒடிஞ்சது."

"பனியன் போட்டிருந்தாருங்களா?"

"தெரியலீங்க."

"போட்டிருந்தா துணியப் பத்தி ஒரு கொறை சொல்லியிருக்க மாட்டாரு." முகம் தெளிந்தது. "முத்திரை குத்தினது ஆபீசருங்க. நான் துணி குடுத்தவன். நல்ல துணி குடுத்தன். எனக்கென்ன?" பிறகு குனிந்து, துண்டில் ஓடிய கோட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது எனக்கே தெரியாதுங்க. கோயமுத்தூர்க்காரர் நீங்க எப்படி இதைப் பிடிச்சுட்டு நேரா என் கம்பெனிக்கு வந்தீங்க?"

அர்த்தநாரி வாயெடுப்பதற்குள் கன்னையன் முந்திக்கொண்டான். வழக்கு ஜெயித்த குஷி. வயிறும் நிறைந்திருந்தது.

"நாங்க எங்கீங்க பிடிச்சோம்? நாலு மாசமா டேமேஜ் மேசையில கத்தினா மொதலாளி காதுல ஏறல, சோத்துக் கடையில சொன்னா எங்க காதுல ஏறிருச்சு!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். அர்த்தநாரி சிரிக்கவில்லை. நாச்சிமுத்து சிரித்தார். "அப்படீங்களா" என்றார் மிகவும் மரியாதையாக. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். முற்றத்துக் கொட்டகையில் கண்ணாடி மேசை. பல்பு வெளிச்சத்தில் மருதம்மாள் குனிந்து துணியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரிய வரச்சொல்லுங்க," என்றார் நாச்சிமுத்து.

தெருவுக்கு வந்ததும் கன்னையன், "அண்ணா, நான் பேரைச் சொல்லலீங்களே?" என்றான்.

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்ட."

திங்கட்கிழமை கமிட்டியின் மூன்று பேரும் பையை வாங்கி வரிசையாக ஊதிப் பார்த்தார்கள். சேர்மன் இரண்டு தடவை ஊதினார். கடிதத்தைப் படித்தார்கள், கோட்டைப் பொருத்திப் பார்த்தார்கள். ஞானசம்பந்தத்தின் லைசென்ஸ் அன்றே திரும்பி வந்தது. அடுத்த வாரமே அவர் குன்றைச் சுற்றிக்கொண்டு, கடலைப் பார்த்து, சங்குமணல் தீவில் இறங்கினார். விதிப் புத்தகத்தில் 'பையோடு மரத்தையும் கவனிக்கவும்' என்று ஒரு வரி சேர்ந்தது. ஊதிப் பார்த்த ஆபீசரைத் துணி நிபுணர் என்று பெரிய பதவியில் உட்காரவைத்தார்கள். அந்தத் துணியின் குளிர்ச்சியைக் கேள்விப்பட்ட விமானத் துறை, தன் சிப்பந்திகளுக்கு நாச்சிமுத்துவிடமே பனியன் ஆர்டர் கொடுத்தது. மூன்றாம் நம்பர் மெஷினில் ஊசியை மாற்ற அரை நாள் கிடைக்கவில்லை.

விசாரணை முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அர்த்தநாரியும் கன்னையனும் நல்ல செய்தியைச் சொல்ல வேலம்பாளையம் போனார்கள். கண்ணாடி மேசையில் வேறொரு பெண் குனிந்திருந்தாள். மருதம்மாளைச் சனிக்கிழமையே நிறுத்திவிட்டார்கள்.

காலனியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். மருதம்மாள் வாசலில் உட்கார்ந்து, இன்னொரு வீட்டுக்காகப் பருத்தியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏரோப்ளேன்காரருக்கு வேலை திரும்பி வந்துச்சுங்களா?" என்று அவளே கேட்டாள்.

"வந்துச்சுங்க," என்றார் அர்த்தநாரி.

"செரி."

"நீங்க சொன்னதாலதானுங்க."

"அதுதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே." அவள் தலை நிமிரவில்லை. "பக்கத்துக் கம்பெனியில கேட்டன். வெளியாளுக்குக் கோடு காட்டற கையி எங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க."

கன்னையன் கீழே உட்கார்ந்து ஒரு பிடி பருத்தியை எடுத்தான். "எனக்கும் எடுக்கத் தெரியுமுங்க்கா."

"உங்களுக்குப் பேசத்தானுங்க தெரியும். வெச்சுருங்க."

அதற்கப்புறம் அர்த்தநாரி தெரிந்த மில், தெரியாத மில், கூட்டுறவுச் சங்கம், ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கு என்று ஆறு மாதம் கேட்டுப் பார்த்தார். கமலாம்பாளிடம் சொன்னார், அவரும் உடுமலைப்பேட்டையில் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒன்றும் அமையவில்லை.

ஞானசம்பந்தத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்த வகையில், அர்த்தநாரியும் கன்னையனும் மருதம்மாளுக்கு ஒரு வேலை கடன்பட்டிருக்கிறார்கள். இன்னும் கொடுக்கவில்லை.